டிக்கெட் ஒருவருடையது, விமானம் இன்னொருவருடையது

காஞ்சிபுரத்தில் விமானம் என்று பேச்செடுத்தால் அது பரந்தூரில்தான் போய் நிற்கிறது. சென்னையின் இரண்டாவது விமான நிலையம் அங்கே வரும் என்று 2022 ஆகஸ்டில் அறிவித்ததிலிருந்து இதே கதைதான். நிலம் போகிறதே, ஏரி போகிறதே என்று ஏகனாபுரத்து மக்கள் போராட்டத்தில் இறங்கினார்கள். சுற்றுவட்டாரத்தில் மனை விலை எவ்வளவு ஏறும் என்று கணக்குப் போட்டவர்களும் உண்டு. விமான நிலையம் பற்றி இவ்வளவு பேசுகிற ஊரில், ஏறிய விமானம் தாமதமானால் பயணிக்கு என்ன உரிமை என்று பேசுகிறவர்கள் குறைவு. அதிலும் டிக்கெட்டில் ஒரு கம்பெனி பெயரும் விமானத்தில் வேறு கம்பெனி பெயரும் இருந்தால், யாரைப் போய்க் கேட்பது என்பதே பலருக்குத் தெரியாது. இந்த ஏற்பாட்டுக்குப் பெயர்தான் கோட்ஷேர்.

காஞ்சிபுரத்துக்காரர்கள் யார் யார் விமானம் ஏறுகிறார்கள்? பட்டு வியாபாரிகள் ஏறுகிறார்கள். கண்காட்சிக்குப் போகிறவர்கள் ஏறுகிறார்கள். ஆனால் வெளிநாட்டு விமானத்தில் முதல் முறையாக, தனியாக, கையில் ஒரு பைல் கவருடன் ஏறுகிறவர்களைப் பார்த்தால், பெரும்பாலும் மகளின் பிரசவத்துக்குப் போகும் அம்மாக்கள்தான்.

ஒரு உதாரணம் எடுத்துக்கொள்ளலாம். கற்பனைதான், ஆனால் நடக்கக்கூடியது. பிள்ளையார்பாளையத்தில் ஒரு அம்மா. மகள் ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரத்தில் இருக்கிறாள். முதல் பிரசவம். ஊரில் இருக்கும் டிராவல்ஸ் கடையில் டிக்கெட் போட்டார்கள். டிக்கெட்டில் இந்திய விமான நிறுவனத்தின் எண். சென்னையிலிருந்து பிராங்க்பர்ட், அங்கிருந்து ஹாம்பர்க். எல்லாம் ஒரே டிக்கெட். சென்னையிலிருந்து ஐரோப்பாவுக்குப் போகும் விமானங்கள் பெரும்பாலும் நள்ளிரவுக்கு மேல்தான். சாப்பிட்டுவிட்டுக் கிளம்பி, ஸ்ரீபெரும்புதூர் வழியாக மீனம்பாக்கம் போனால், அங்கே கவுண்டரில் நிற்பவர்கள் ஜெர்மன் நிறுவனத்து ஆட்கள். விமானமும் அவர்களுடையதுதான். அதில் ஏதோ இயந்திரக் கோளாறு. ஏழு மணி நேரம் தாமதம். பிராங்க்பர்ட்டில் இணைப்பு விமானம் போய்விட்டது. அடுத்த சீட் மறுநாள்தான். இவர் ஹாம்பர்க் போய்ச் சேர்வதற்குள் குழந்தை பிறந்துவிட்டது.

கவுண்டரில் கேட்டால் என்ன பதில் வரும்?

"அம்மா, இது எங்க டிக்கெட் இல்லைங்க. உங்களுக்கு டிக்கெட் குடுத்தவங்ககிட்ட கேளுங்க."

டிக்கெட் கொடுத்த இந்திய நிறுவனத்துக்கு போன் போட்டால்?

"மேடம், அந்த ஃப்ளைட்ட நாங்க ஓட்டலையே. ஓட்டுனவங்ககிட்டதான் கேக்கணும்."

இரண்டு பேரும் மரியாதையாகத்தான் பேசுகிறார்கள். ஆனால் இரண்டு பக்கமும் கதவு சாத்தியாகிவிட்டது. அன்றைக்கு அந்த அம்மாவுக்கு உருப்படியான யோசனை சொன்னது போனில் இருந்த மகள்தான். "அம்மா, நீ எதுலயும் கையெழுத்து போட்டுடாத. பில்லு, போர்டிங் பாஸ் எல்லாத்தையும் பத்திரமா வெச்சுக்கோ. அப்புறம் பாத்துக்கலாம்."

மகள் சொன்னது சரி. ஏன் சரி என்பதைப் பார்க்க, முதலில் கோட்ஷேர் என்றால் என்ன என்று தெரிய வேண்டும்.

ஒரு விமானத்தை ஒரு நிறுவனம்தான் ஓட்டும். ஆனால் அதே விமானத்தின் சீட்டுகளை இன்னொரு நிறுவனமும் தன்னுடைய எண்ணைப் போட்டு விற்கும். ஒரே விமானத்துக்கு இரண்டு எண், சில சமயம் நான்கைந்து எண்கூட. இதனால் ஒரு நிறுவனம் தான் பறக்காத ஊர்களுக்கும் டிக்கெட் விற்க முடிகிறது. 1997-ல் லுஃப்தான்சா, யுனைடெட், ஏர் கனடா, தாய், எஸ்.ஏ.எஸ். ஆகிய ஐந்து நிறுவனங்கள் சேர்ந்து ஸ்டார் அலையன்ஸ் என்ற கூட்டணியைத் தொடங்கின. ஏர் இந்தியா அதில் 2014 ஜூலையில் சேர்ந்தது. இந்த மாதிரிக் கூட்டணிகளில் கோட்ஷேர் சர்வ சாதாரணம். கூட்டணிக்கு வெளியேயும் தனித்தனி ஒப்பந்தங்கள் நிறைய இருக்கின்றன.

காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு இது புதிய விஷயமே இல்லை. இங்கே மாஸ்டர் வீவர் பாவும் ஊடையும் சரிகையும் கொடுக்கிறார். நெசவாளர் தன் வீட்டுத் தறியில் நெய்து கூலி வாங்கிக்கொள்கிறார். சேலை கடைக்குப் போய் கடையின் பெயர் போட்ட அட்டைப்பெட்டியில் விற்பனையாகிறது. நாளைக்குக் கோர்வை பிரிந்தாலோ சரிகை கறுத்தாலோ, வாங்கியவர் கடைக்குத்தான் வருவார். "நெய்தது நாங்கள் இல்லை, பிள்ளையார்பாளையத்தில் யாரோ நெய்தது, அங்கே போய்க் கேளுங்கள்" என்று கடைக்காரர் சொன்னால் யாராவது ஒப்புக்கொள்வார்களா? பணம் வாங்கியவர், பெயர் போட்டவர் பொறுப்பு. நெசவாளரிடம் அவர் பிறகு கணக்குத் தீர்த்துக்கொள்ளலாம். அது அவர்கள் இருவருக்குள் உள்ள விஷயம்.

விமானத்திலும் சட்டம் இதைத்தான் சொல்கிறது. சொல்லப்போனால், இன்னும் ஒரு படி மேலே போய்ச் சொல்கிறது.

1999-ல் மாண்ட்ரியல் நகரத்தில் ஒரு சர்வதேச உடன்படிக்கை உருவானது. சர்வதேச விமானப் பயணத்தில் ஏற்படும் மரணம், காயம், சாமான் இழப்பு, தாமதம் எல்லாவற்றுக்கும் யார் பொறுப்பு என்று சொல்வது. இந்தியா 2009-ல் இதில் சேர்ந்தது. 1972-ஆம் வருட விமானவழிச் சுமப்புச் சட்டத்தில் மூன்றாவது அட்டவணையாக அது சேர்க்கப்பட்டது. ஆகவே இது ஏதோ வெளிநாட்டுச் சமாச்சாரம் இல்லை, இந்தியச் சட்டமேதான்.

இதில் 39-ஆம் பிரிவு முதல் கோட்ஷேருக்குப் பொருந்தும் பகுதி வருகிறது. பயணியோடு ஒப்பந்தம் போட்டவர் ஒருவர், உண்மையில் விமானத்தை ஓட்டியவர் இன்னொருவர் என்று பிரிக்கிறது. 40-ஆம் பிரிவின்படி டிக்கெட் கொடுத்தவர் முழுப் பயணத்துக்கும் பொறுப்பு. ஓட்டியவர் தான் ஓட்டிய பகுதிக்குப் பொறுப்பு. 41-ஆம் பிரிவின்படி ஓட்டியவர் செய்த தவறு டிக்கெட் கொடுத்தவர் செய்த தவறாகவும் கருதப்படும். 42-ஆம் பிரிவின்படி புகாரை இருவரில் யாரிடம் கொடுத்தாலும் செல்லும். 45-ஆம் பிரிவின்படி வழக்கை ஒருவர் மேல் போடுவதா, இருவர் மேலும் போடுவதா என்பது பயணியின் விருப்பம்.

அதாவது அந்த அம்மாவுக்குக் கிடைத்த இரண்டு பதில்களுமே சட்டப்படி தவறு.

இங்கே ஒரு முக்கியமான வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். ஒரே டிக்கெட்டில் இரண்டு நிறுவனங்கள் வந்தாலே அது கோட்ஷேர் ஆகிவிடாது. முதல் விமானம் அ நிறுவனத்தின் எண்ணில், இரண்டாவது விமானம் ஆ நிறுவனத்தின் எண்ணில் என்று இருந்தால் அது தொடர் பயணம். அதற்கு 36-ஆம் பிரிவு. அதன்படி எந்த நிறுவனத்தின் பகுதியில் தாமதம் நடந்ததோ அந்த நிறுவனத்தைத்தான் கேட்க முடியும் (முதல் நிறுவனம் முழுப் பொறுப்பை வெளிப்படையாக ஏற்றிருந்தால் தவிர). ஆனால் இரண்டு விமானங்களுக்கும் அ நிறுவனத்தின் எண்ணே இருந்து, ஓட்டுவது மட்டும் ஆ என்றால், அ நிறுவனமும் மாட்டிக்கொள்ளும். டிக்கெட்டில் இருக்கும் இரண்டு எழுத்துக் குறியீட்டுக்கு இவ்வளவு மதிப்பு இருக்கிறது.

எவ்வளவு கிடைக்கும்? மாண்ட்ரியலில் இவ்வளவு மணி நேரத்துக்கு இவ்வளவு ரூபாய் என்று அட்டவணை கிடையாது. தாமதத்தால் உண்மையில் ஏற்பட்ட நஷ்டத்தைக் காட்ட வேண்டும். ஹோட்டல் வாடகை, டாக்சி, புதிதாக வாங்கிய டிக்கெட், சாப்பாடு இப்படி. அதனால்தான் பில் முக்கியம். உச்சவரம்பு முதலில் 4,150 எஸ்.டி.ஆர். ஆக இருந்தது. எஸ்.டி.ஆர். என்பது சர்வதேச நிதியத்தின் கணக்கு அலகு. 2024 டிசம்பர் 28 முதல் உடன்படிக்கையில் இது 6,303 ஆக உயர்ந்தது. ரூபாயில் ஏறக்குறைய ஏழு லட்சம். இது கிடைக்கும் தொகை இல்லை, தாண்டக்கூடாத எல்லை. தாமதத்தைத் தவிர்க்க நியாயமாக எடுக்க வேண்டிய எல்லா நடவடிக்கைகளையும் எடுத்தோம், அல்லது எடுக்க வழியே இல்லை என்று நிறுவனம் நிரூபித்தால் தப்பித்துக்கொள்ளலாம். நிரூபிக்க வேண்டியது நிறுவனம், பயணி இல்லை. டிக்கெட்டின் பொடி எழுத்து நிபந்தனைகளில் பொறுப்பைக் குறைத்து எழுதி வைத்திருந்தாலும் 26-ஆம் பிரிவின்படி அது செல்லாது.

அடுத்தது ஐரோப்பியச் சட்டம். 261/2004 என்ற எண் கொண்ட விதி, 2005 பிப்ரவரியிலிருந்து அமலில் இருப்பது. இதில் பில் காட்ட வேண்டாம். தூரத்தைப் பொறுத்து 250, 400, 600 யூரோ என்று நேரடி இழப்பீடு. ரத்துக்கும் ஏற்ற மறுப்பதற்கும்தான் முதலில் இது இருந்தது. 2009-ல் ஸ்டர்ஜன் வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம், மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமாகப் போய்ச் சேர்ந்தால் அதற்கும் உண்டு என்றது. 2013-ல் ஃபோல்கெர்ட்ஸ் வழக்கில், இணைப்பு விமானம் தவறினால் கடைசியாகப் போய்ச் சேரும் ஊரின் தாமதத்தைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும் என்றது. சாதாரண இயந்திரக் கோளாறை 'அசாதாரணச் சூழ்நிலை' என்று சொல்லித் தப்ப முடியாது என்று 2008-லேயே இன்னொரு தீர்ப்பு வந்திருந்தது.

கோட்ஷேருக்கென்றே 2019 ஜூலையில் ஒரு தீர்ப்பு வந்தது. பதினொரு பயணிகள் பிராகிலிருந்து அபுதாபி வழியாக பாங்காக் போகச் செக் ஏர்லைன்ஸில் ஒரே டிக்கெட்டாக எடுத்திருந்தார்கள். பிராக் - அபுதாபி விமானத்தைச் செக் ஏர்லைன்ஸ் ஓட்டியது. சரியான நேரத்துக்குப் போனது. அபுதாபி - பாங்காக் விமானத்தைக் கோட்ஷேரில் எதிஹாட் ஓட்டியது. அது 488 நிமிடம் தாமதம். "தாமதம் எங்களுடையது இல்லையே" என்றது செக் ஏர்லைன்ஸ். நீதிமன்றம் ஒப்புக்கொள்ளவில்லை. ஒரே டிக்கெட்டில் முதல் விமானத்தை ஓட்டியவர், இரண்டாவது விமானம் சரியாக ஓடவில்லை என்பதைக் காரணம் காட்டி ஒதுங்க முடியாது. பயணிக்குக் கொடுத்துவிட்டு எதிஹாடிடம் வசூல் செய்துகொள்ளட்டும் என்றது. நம்மூர்க் கடைக்காரர் நியாயம்தான் இது.

ஆனால் இந்த ஐரோப்பிய விதியில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஐரோப்பாவிலிருந்து கிளம்பினால் எந்த நாட்டு நிறுவனமாக இருந்தாலும் விதி பொருந்தும். இந்தியாவிலிருந்து ஐரோப்பாவுக்குப் போகும்போது, ஓட்டுகிற நிறுவனம் ஐரோப்பிய நிறுவனமாக இருந்தால்தான் பொருந்தும். டிக்கெட்டில் யார் எண் என்பது இங்கே கணக்கில் வராது. பிள்ளையார்பாளையத்து அம்மாவின் விமானத்தை ஓட்டியது ஜெர்மன் நிறுவனம். ஆகவே டிக்கெட் இந்திய நிறுவனத்துடையதாக இருந்தாலும், ஓட்டிய ஜெர்மன் நிறுவனத்திடம் 600 யூரோ கேட்கலாம். இதையே திருப்பிப் போட்டுப் பாருங்கள். ஜெர்மன் நிறுவனத்தின் எண் போட்ட டிக்கெட், ஆனால் ஓட்டுவது இந்திய நிறுவனம். அப்போது போகும் வழியில் 600 யூரோ கிடையாது. அதே விலை, அதே தூரம், அதே தாமதம். மாண்ட்ரியல்படி நஷ்டத்தைக் காட்டித்தான் கேட்க முடியும்.

600 யூரோ என்பது ஐம்பதாயிரம் ரூபாய்க்கு மேல். தறியில் உட்கார்ந்து கூலிக்கு நெய்கிற குடும்பத்துக்கு இது சின்னத் தொகை இல்லை. டிக்கெட் எடுக்கும்போது 'இதை ஓட்டுவது இன்னார்' என்று பொடி எழுத்தில் வரும் வரியைப் படிக்கிறார்களா என்பதைப் பொறுத்து இந்தத் தொகை வருவதும் போவதும் இருக்கிறது. (இழப்பீடாக வந்த யூரோவை மாண்ட்ரியல் நஷ்டத்தொகையில் கழித்துக்கொள்ளலாம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். இரண்டையும் முழுதாக வாங்கிவிட முடியாது.)

இந்திய விதி என்ன சொல்கிறது? விமானப் போக்குவரத்து இயக்குநரகம், அதாவது டி.ஜி.சி.ஏ., 2010-ல் ஒரு விதி கொண்டுவந்தது. பிறகு 2016, 2019 வருடங்களில் திருத்தியது. இதில் முன்கூட்டிச் சொல்லாமல் விமானத்தை ரத்து செய்தால் பறக்கும் நேரத்தைப் பொறுத்து 5,000, 7,500, 10,000 ரூபாய் வரை உண்டு. இடம் இருந்தும் கூடுதலாக விற்றுவிட்டு ஏற்ற மறுத்தால் 20,000 வரை உண்டு. வெறும் தாமதத்துக்கு? ரொக்கம் கிடையாது. காத்திருக்கும் நேரத்தில் சாப்பாடு உண்டு. இரவு 8 மணிக்கும் அதிகாலை 3 மணிக்கும் இடையில் கிளம்ப வேண்டிய விமானம் ஆறு மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் ஹோட்டல் அறை உண்டு. அந்த அம்மா கேட்டு வாங்கியிருக்க வேண்டியது இதைத்தான். பலரும் நாற்காலியிலேயே உட்கார்ந்து விடியவைத்துவிட்டுப் போகிறார்கள், கேட்கலாம் என்பதே தெரியாமல்.

நீதிமன்றம் போனால் கிடைக்குமா என்ற கேள்விக்கு 2011-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன இரண்டு தீர்ப்புகளைச் சேர்த்துப் படிக்க வேண்டும். முதலாவது ஜூலையில். 2007 டிசம்பரில் டெல்லியிலிருந்து ஹைதராபாத் போக வேண்டிய இண்டிகோ விமானம் கடும் பனிமூட்டத்தால் தாமதமானது. பயணிக்குக் கீழே கொடுத்த பத்தாயிரம் ரூபாய் இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. பனிமூட்டத்துக்கு நிறுவனம் பொறுப்பில்லை. அதே சமயம், மலிவுக் கட்டண விமானம் என்றாலும் தாமத நேரத்தில் பயணிக்குக் குறைந்தபட்ச வசதி செய்து தர வேண்டிய கடமை உண்டு என்றும் சொன்னது. இரண்டாவது செப்டம்பரில். மும்பையிலிருந்து ஸ்பெயினுக்கு அனுப்பிய ஆயத்த ஆடைச் சரக்கு சம்பந்தப்பட்ட டிரான்ஸ் மெடிட்டரேனியன் ஏர்வேஸ் வழக்கு. நுகர்வோர் மன்றம் 'கோர்ட்' ஆகாது, அங்கே விமானச் சட்ட வழக்கு வராது என்று நிறுவனம் வாதாடியது. வரும் என்றது உச்ச நீதிமன்றம்.

இரண்டையும் சேர்த்தால், வானிலை என்றால் ரொக்கம் எதிர்பார்க்க முடியாது, நிறுவனத்தின் கோளாறு என்றால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம் என்று ஆகிறது. அதற்கு இப்போது சென்னைக்கோ டெல்லிக்கோ அலைய வேண்டாம். 2020 ஜூலையில் அமலுக்கு வந்த 2019-ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், புகார் கொடுப்பவர் எங்கே குடியிருக்கிறாரோ அந்த மாவட்ட ஆணையத்திலேயே கொடுக்கலாம் என்று 34-ஆம் பிரிவில் இருக்கிறது. பழைய 1986 சட்டத்தில் இந்த வசதி கிடையாது. ஐந்து லட்சத்துக்குள் கட்டணம் செலுத்திய சேவை என்றால் புகாருக்குக் கட்டணமும் இல்லை. வக்கீல் கட்டாயம் இல்லை.

சுருக்கமாகச் செய்ய வேண்டியவை:

1. டிக்கெட் எடுக்கும்போது யார் எண், யார் ஓட்டுவது இரண்டையும் கேட்டு எழுதி வைக்க வேண்டும். டிராவல்ஸ்காரரிடம் கேட்டால் சொல்வார்.

2. முடிந்தவரை முழுப் பயணமும் ஒரே டிக்கெட்டாக இருக்க வேண்டும். இரண்டு தனி டிக்கெட் சில ஆயிரம் குறைவாக வரலாம். இணைப்பு தவறினால் அடுத்த நிறுவனத்துக்கு எந்தப் பொறுப்பும் இருக்காது.

3. தாமதத்துக்கான காரணத்தை எழுத்தில் கேட்க வேண்டும். கொடுக்காவிட்டால் அறிவிப்புப் பலகையைப் போட்டோ எடுத்துக்கொள்ளலாம்.

4. போர்டிங் பாஸ், பில்கள் எதையும் தூக்கிப் போடக்கூடாது. 'முழுத் தீர்வு' என்று எழுதிய வவுச்சரில் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடக்கூடாது.

5. புகாரை இரண்டு நிறுவனங்களுக்கும் ஒரே கடிதமாக, ஒருவருக்குப் போனது இன்னொருவருக்குத் தெரியும்படி அனுப்ப வேண்டும். பந்தை மாற்றி மாற்றி உருட்டும் விளையாட்டு அதோடு நிற்கும்.

6. பதில் இல்லையென்றால் மத்திய அரசின் ஏர்சேவா தளம், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண், கடைசியாக மாவட்ட ஆணையம். மாண்ட்ரியலிலும் நுகர்வோர் சட்டத்திலும் கெடு இரண்டு வருடம்தான்.

இவ்வளவும் செய்தாலும் அந்த அம்மாவுக்குப் பேரக்குழந்தை பிறந்த நேரம் திரும்பக் கிடைக்கப் போவதில்லை. எந்தச் சட்டமும் அதற்கு விலை போட முடியாது. ஆனால் பணத்தை வாங்கும்போது ஒன்றாக நின்றவர்கள், பதில் சொல்லும்போது மட்டும் நீ, நான் என்று பிரிந்து நிற்பதைச் சட்டம் ஒப்புக்கொள்ளவில்லை. ஏறப்போவது மீனம்பாக்கத்திலோ நாளை பரந்தூரிலோ, பயணி தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டியது இது ஒன்றுதான்: கேட்பதற்கு ஆள் இரண்டு பேர் இருக்கிறார்கள், ஒருவரும் இல்லாமல் இல்லை.